ஆளுக்கொரு யானை

கூடத்தில் இன்னும் கரி வாசம் போகவில்லை. பினாயில் போட்டுத் துடைத்துவிட்டேன், ஊதுவத்தி கொளுத்திப் பார்த்துவிட்டேன், ஜன்னலையெல்லாம் திறந்து வைத்துக் கொசுவை வேறு உள்ளே கூப்பிட்டுக்கொண்டேன். அது அசைகிற மாதிரி இல்லை. போன திங்கட்கிழமை காலையில் காபித் தம்ளரோடு உட்கார்ந்திருந்தேன். சுவரில் இருக்கும் கணப்பு அடுப்புக்குள்ளிருந்து பொதக்கென்று ஒரு சத்தம். எந்தக் காலத்துக் கரியோ, தரையெல்லாம் கொட்டியது, என் கால்மேல் கொட்டியது, காபிக்குள்ளும் கொட்டியது. வெளியே ஓடிப் போய்ப் பார்த்தால், உன் வீட்டு ஓட்டின்மேல் நின்றுகொண்டு ஆட்கள் புகைபோக்கியின் தலையைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள்.

நைட்டியோடு வாசலில் நின்று நான் போட்ட கூச்சலில் எதிர்வீட்டு நாய் குரைப்பதை நிறுத்திவிட்டது. நீ இருந்திருந்தால், "மெதுவாப் பேசுடி, காக்ஸ் டவுன் பூரா கேக்குது" என்றிருப்பாய். கேட்கட்டும் என்றுதான் கத்தினேன்.

நீ போய்ச் சேர்ந்து இரண்டு வருஷம் ஆகப்போகிறது. அன்றிலிருந்து நடுச்சுவருக்கு அந்தப் பக்கம் உன் பாதி வீடு பூட்டியே கிடந்தது. புனேயில் இருக்கும் உன் மகன் முரளி அதை ஒரு பில்டரிடம் விலை பேசிவிட்டான். பில்டருக்கு முழு வீடும் வேண்டும், அப்போதுதான் அவர் நினைத்த மாதிரி மாடிமேல் மாடி எழுப்ப முடியும். என் பாதியையும் கேட்டு ஆள் அனுப்பினார். வந்தவர் நான் தந்த டீயைக் குடித்துவிட்டு, கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்குங்க மேடம் என்றார். இந்த ஊரில் அதைச் சொல்லாத வாய் உண்டா? நான் முடியாது என்றேன். சரி, அந்தப் பாதியை மட்டும் இடித்துக் கட்டிக்கொள்கிறோம் என்று கிளம்பிவிட்டார்கள். உன் பாதியை இடித்தால் என் பாதி நிற்காது. அது உனக்குத் தெரியும், உன் வாயால் கேட்டு எனக்கும் தெரியும். அவர்களுக்குத்தான் தெரியவில்லை. அதற்கப்புறம் நடந்ததை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

பழசு என்பதற்காக உட்கார்ந்து அழுகிற ஆள் நான் இல்லை, அது உனக்கே தெரியும். நான் வேலை பார்த்த டெலிபோன் ஆபீஸில் கனெக்‌ஷன் கொடுக்கிற பழைய போர்டை எடுத்துவிட்டுப் புதுசு வைத்த அன்றைக்கு எல்லோரும் கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்க, அப்பாடா என்று கேன்டீனுக்குப் போய் மசால் வடை தின்றவள் நான். நிற்கிற சுவரை எதற்காக இடிக்க வேண்டும் என்பது மட்டும்தான் என் கேள்வி.

இந்த வீட்டைப் பற்றி எனக்குத் தெரிந்ததில் பாதி நாம் இருவருமாகத் தடவித் தடவிக் கண்டுபிடித்ததுதான். ஞாயிற்றுக்கிழமை நான் சர்ச் முடிந்து வருவேன், நீ சமையலை முடித்திருப்பாய். அளக்கிற டேப்பை எடுத்துக்கொண்டு நாம் வீட்டைச் சுற்றுவோம். அரசாங்க இன்ஜினியரிங் ஆபீஸில் வரைபடம் போடுகிற வேலை உனக்கு. பெண்ணாக இருந்தாலும் உன் பதவிக்குப் பெயர் டிராஃப்ட்ஸ்மேன்தான் என்று நான் கிண்டல் செய்வேன். நான் ஏதாவது அளந்துவிடப் பார்த்தால் உடனே சொல்வாய், "அளந்து பாத்துட்டுப் பேசு."

முதலில் இதைக் கட்டினவன் பென்ஷன் வாங்கின ஒரு வெள்ளைக்காரப் பட்டாளத்தான் என்று எங்கப்பா சொல்வார். அப்போது சுற்றிலும் ராகி வயலாம். செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துத் தடிமனாகச் சுவர் எழுப்பி, ஜன்னல்களுக்கு மேல் கூர்த்தொப்பி மாதிரி மரச்சட்டம் வைத்து, மங்களூர் ஓடு போட்டான். இந்த ஊர் மார்கழிக் குளிரை அவன் ஊர்க் குளிர் என்று நினைத்தானோ என்னவோ, நடுச்சுவரின் இரண்டு பக்கமும் முதுகோடு முதுகாக இரண்டு கணப்பு கட்டினான். இரண்டுக்கும் சேர்த்து மேலே ஒரே புகைபோக்கி. கேட் தூணில் குதிரை கட்டுகிற இரும்பு வளையம் இன்னும் இருக்கிறது. உன் முரளி அதில் தெருநாயைக் கட்டிப் போட்டு அடி வாங்கினான், நினைவிருக்கிறதா?

பட்டாளத்தானுக்குப் பிறகு ஒரு ஆங்கிலோ இந்தியக் குடும்பம். வீட்டுக்காரர் ரயில்வே கார்டு. பின்பக்கம் அவர் இழுத்துக் கட்டின தாழ்வாரத்துக்கு உத்தரம் எது என்று பார்த்தால், பெயின்ட்டுக்கு அடியில் ஒரு தண்டவாளத் துண்டு! அதைச் சுரண்டிக் கண்டுபிடித்தது நீதான். எங்கிருந்து எடுத்து வந்திருப்பார் என்று கேட்டேன். "கார்டு வீட்டுக்குத் தண்டவாளம் நடந்தா வரும்?" என்று சிரித்தாய்.

அவர்கள் கப்பலேறிப் போனபோது இதை வாங்கினவர் வேலூர்ப் பக்கத்திலிருந்து வந்து விறகுத் தொட்டி வைத்திருந்தவர். ஊருக்கே விறகு விற்றவர், வீட்டில் இரண்டு கணப்பு இருந்தும் ஒரு நாள்கூட மூட்டவில்லையாம். முகப்பில் நட்டநடுவே சுதையில் ஒரு கஜலட்சுமி வைத்தார், இரண்டு பக்கமும் யானையோடு. அவருக்கு இரண்டு சம்சாரம், ஆளுக்கொரு மகன். அவர் கண்ணை மூடியதும் மகன்கள் வீட்டைப் பிரித்துக்கொண்டார்கள். நடுச்சுவரில் இருந்த கதவுகளை எடுத்துவிட்டுச் செங்கல்லால் அடைத்தார்கள். வராந்தாவிலும் பின்கட்டிலும் குறுக்கே சுவர் எழுப்பினார்கள். லட்சுமி மட்டும் சரியாக எல்லையில் மாட்டிக்கொண்டாள். அவளை எப்படிப் பிரிப்பது? ஆளுக்கொரு யானை, லட்சுமி பொது என்று பேசி முடித்தார்கள். அப்படிச் சண்டை போட்டுப் பிரித்தவர்கள் கொஞ்ச காலத்திலேயே இரண்டு பாதியையும் விற்றுவிட்டுப் போய்விட்டார்கள். ஒன்றை எங்கப்பா வாங்கினார், மற்றதை உன் மாமனார்.

சர்ச் கமிட்டியில் எங்கப்பாவைக் கேட்டார்களாம், வாசலில் என்ன அது என்று. "யானையைக் கர்த்தர்தானே படைச்சாரு" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். உன் மாமியார் வெள்ளிக்கிழமை தோறும் நீளக் குச்சியில் துணி சுற்றி லட்சுமிக்குக் குங்குமம் வைப்பார். எங்கள் யானை கோபித்துக்கொள்ளும் என்று அதற்கும் ஒரு பொட்டு வைப்பார். எங்கம்மா ஜன்னல் வழியாகப் பார்ப்பார், ஒன்றும் சொல்லமாட்டார்.

நீ இந்த வீட்டுக்கு மருமகளாக வந்த புதிதில் ஒரு மத்தியானம். எனக்கு அன்று லீவு. எங்கள் கணப்புக்குள்ளிருந்து யாரோ அழுகிற சத்தம். நான் தலையை உள்ளே விட்டு, யாருங்க அங்கே அழறது என்று கேட்டேன். நீ போட்ட அலறல் இருக்கிறதே! வெள்ளைக்காரன் பேய் தமிழ் பேசுகிறது என்று உன் மாமியாரிடம் ஓடிப் போய்ச் சொன்னாயாம். அம்மா வீட்டை நினைத்து யாருக்கும் தெரியாமல் அழ நீ தேடிப் பிடித்த மூலை, நேரே என் காதுக்குள் வந்து முடிந்தது. ஒரே புகைபோக்கி என்றால் வேறு என்ன ஆகும்?

அதற்கப்புறம் அதுதான் நம் லைன். ஆபீஸில் நாள் முழுக்க ஊர்பேர் தெரியாதவர்களுக்கெல்லாம் கனெக்‌ஷன் கொடுத்துவிட்டு வருவேன், வீட்டில் எனக்கு வருகிற ஒரே கால் உன்னுடையது. காலையில் உன் ஆபீஸ் ஸ்டீல் ஸ்கேலால் கணப்பின் இரும்புக் கம்பியில் தட்டுவாய். "இருக்கியா?" என்பாய். "இருக்கேன்டி" என்பேன். அப்புறம்தான் பால் வந்ததா, பஸ் ஓடுகிறதா, உன் வீட்டுக்காரர் என்ன சொன்னார், என் அண்ணன் என்ன உளறினான் எல்லாம். உன் வீட்டுக்காரர் தவறின வருஷம் நாம் பேசவே இல்லை, நீ தட்டுவாய், நான் இருக்கேன் என்பேன், அவ்வளவுதான். அந்த ஒரு வார்த்தை போதுமாக இருந்தது.

கடைசி நாட்களில் உன் கட்டிலைக் கணப்பு ஓரமாக இழுத்துப் போடச் சொன்னாய். நர்ஸம்மாவுக்குக் காரணம் புரியவில்லை. ஒரு நாள் காலையில் தட்டல் வரவில்லை. நான் என் பக்கம் கரண்டியால் தட்டினேன். திரும்பத் திரும்பத் தட்டினேன். அன்றைக்கு அழுதேன்டி. அதற்கு முன்னாலும் பின்னாலும் அப்படி அழுததில்லை.

சரி, அது இருக்கட்டும். இப்போது முகப்பில் நீ போட்ட கோட்டின் கதைக்கு வருகிறேன்.

நம் இரண்டு வீட்டுக்கும் வருஷத்துக்கு ஒரு தரம்தான் பெயின்ட். கிறிஸ்துமஸுக்கு முன்னால் அடித்துவிட்டால் உன் வீட்டுப் பொங்கலுக்கும் அதுவே ஆயிற்று. ஒரு வருஷம் உன் வீட்டுக்காரர் முகப்புச் செங்கலுக்குக் காவி அடிக்க வேண்டும் என்றார். என் அண்ணன் கிரீம் கலர்தான் வேண்டும் என்று நின்றான். எல்லை எங்கே என்று இரண்டு ஆண்பிள்ளைகளும் வாசலில் நின்று கத்த ஆரம்பித்தார்கள். நீ ஆபீஸ் பையைக்கூட இறக்கி வைக்காமல் வந்து, நூலில் குண்டு கட்டித் தொங்கவிட்டு, புகைபோக்கியிலிருந்து அஸ்திவாரம் வரை ஒரு வெள்ளைக் கோடு இழுத்தாய். லட்சுமியின் தலைக்கு மேல் நிறுத்தி, காலுக்குக் கீழே மறுபடி ஆரம்பித்தாய். இந்தப் பக்கம் நீங்க, அந்தப் பக்கம் நாங்க, என்ன கலர் வேணுமோ அடிச்சுக்கங்க என்றாய். வெட்கப்பட்டோ என்னவோ அண்ணனும் காவியே அடித்தான்.

அதோடு விட்டாயா? காவி காய்ந்ததும் அதன்மேல் செங்கல் செங்கலாக வெள்ளைக் கோடு போட வேண்டும் என்றாய். இந்த ஊர் வழக்கம் அது. உள்ளே இருக்கிற நிஜச் செங்கல் வரிசையோ கோணல்மாணல். அதைப் பார்த்து வரைய உனக்கு மனசு வரவில்லை. நூல் பிடித்து, ஸ்கேல் வைத்து, இரண்டு பாதிக்கும் தனித்தனியாக அளந்து, நிஜச் செங்கல்மேல் பொய்ச் செங்கல் வரைந்தாய். நடுக்கோட்டில் இந்தப் பக்கச் செங்கல் வந்து முடிய, அந்தப் பக்கம் புதிதாக ஆரம்பிக்கும். உள்ளே இருக்கிறது இப்படி இல்லையே என்றேன். "உள்ளே இருக்கிறது எங்க போகப்போகுது? வெளியே நேரா இருக்கட்டும்" என்றாய். அப்புறம் அண்ணன் ஆஸ்திரேலியா போய், அவன் பங்கையும் எனக்கே எழுதிக் கொடுத்து, எல்லை கேட்க ஆளே இல்லாமல் போன பிறகும் வருஷா வருஷம் அந்தக் கோட்டை நீ புதுப்பித்துக்கொண்டுதான் இருந்தாய். கை பழகிவிட்டது உனக்கு.

இப்போது கேள். திங்கட்கிழமை என் கூச்சலுக்கு வேலையை நிறுத்திவிட்டு சூபர்வைசர் இறங்கி வந்தார். கையில் இன்ஜினியர் ரிப்போர்ட். இது ஒரு வீடே இல்லையாம். பக்கத்தில் பக்கத்தில் கட்டிய தனித்தனி இரண்டு கட்டடங்களாம், முகப்பில் இணைப்புக் கோடு தெளிவாகத் தெரிகிறதாம், ஒன்றை எடுத்தால் மற்றதற்கு ஒன்றும் ஆகாதாம். நான் தெருவில் இறங்கித் திரும்பிப் பார்த்தேன். உன் கோடு, நூல் பிடித்தாற்போல் நிற்கிறது! அந்த ஆத்திரத்திலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உன் டிராயிங் ஒரு இன்ஜினியர் பரீட்சையையே பாஸ் பண்ணிவிட்டதடி.

எதிர்வீட்டில் ஏணி வாங்கினேன். கம்பி பிரஷ், பக்கெட்டில் தண்ணீர். லட்சுமியின் காலடியிலிருந்து கோட்டின்மேல் தண்ணீர் அடித்துத் தேய்க்க ஆரம்பித்தேன். இந்த வயதில் ஏணி ஏறினால் தெரு வேடிக்கை பார்க்காதா? பார்த்தது. காய்கறி வண்டிக்காரர் கன்னடத்தில் எச்சரித்தார், பக்கத்துத் தெரு சிஸ்டர் ஜெபம் செய்தார். மறுநாள் காலையில் அந்த ரிப்போர்ட் எழுதின இன்ஜினியர் ஸ்கூட்டியில் வந்து இறங்கியது. ஓசூர்ப் பக்கத்துப் பெண், முரளியைவிடச் சின்னவள். மேடம், ஏறாதீங்க, விழுந்துடுவீங்க என்று ஓடி வந்தது. அவ்வளவு அக்கறை இருந்தா ஏணியைப் பிடிச்சுக்கோம்மா என்றேன். பாவம், ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் பிடித்துக்கொண்டது.

காவி உரிந்தது, வெள்ளை உரிந்தது. உன் நேர்க்கோடு போன இடத்தில் நிஜச் செங்கல் தலைகாட்டியது. ஒரு வரி விட்டு ஒரு வரி, ஒவ்வொரு செங்கல்லும் எல்லையின் குறுக்கே படுத்திருந்தது, பாதி உன் வீட்டில், பாதி என் வீட்டில். வெட்டுவதற்கு அங்கே இடமே இல்லை. நான் இறங்கி அந்தப் பெண்ணை ஏற்றினேன். செங்கல்மேல் உள்ளங்கையை வைத்து, எல்லையின் குறுக்கே தடவிப் பார்த்தது. அப்புறம் உள்ளே கூட்டிப் போய்க் கணப்பைக் காட்டினேன். குனிந்து டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, இரண்டு கணப்பின் வளைவும் ஒன்றையொன்று தாங்கிக்கொண்டு மேலே இருக்கிற முழுப் புகைபோக்கியையும் சுமக்கிறது என்று அதுவே சொன்னது.

"கோடு அவ்வளவு நேரா இருந்துச்சு மேடம். ரெண்டு கட்டடம்னே நினைச்சுட்டேன். சுரண்டிப் பாத்திருக்கணும்."

உன்னைப் பற்றிச் சொன்னேன். கேட்டுவிட்டு, அவங்க என் டீம்ல இருந்திருக்கலாம் என்றது. அங்கேயே நின்று போன் போட்டு வேலையை நிறுத்திவிட்டது. புது ரிப்போர்ட்டும் எழுதிக் கொடுத்தது. அந்தப் பிள்ளைமேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை.

ஆனால் ரிப்போர்ட் ஆட்களைத்தான் நிறுத்தும், முரளியை நிறுத்துமா? சனிக்கிழமை அவன் வந்தான். உன் மூக்கு, உன் நடை. முகம் மட்டும் கடுகடுவென்று. என் கூடத்தில் உட்கார்ந்து, தான் இங்கே திரும்பி வரப்போவதில்லை என்றான், பூட்டி வைத்த வீட்டை எத்தனை நாள் காப்பது என்றான், ஒரு மழைக்கு ஓடு ஒழுகினால் யார் பார்ப்பது என்றான். நியாயம்தான். அதையெல்லாம் நான் மறுக்கவில்லை. கடைசியில் கேட்டான், "உங்களுக்கு என்னைவிட இந்த வீடுதான் பெருசா ஆன்ட்டி?"

எனக்குச் சுருக்கென்றது. என் மடியில் படுத்துத் தூங்கின பிள்ளை அவன். வழக்கமாக இருந்தால் நானும் பதிலுக்கு நாலு வார்த்தை வீசியிருப்பேன். அளந்து பார்த்துவிட்டுப் பேசு என்று நீ சொல்வது காதில் விழுந்தது. எழுந்து போய் அவனுக்குக் காபி கலந்தேன். கலந்து முடிப்பதற்குள் என்ன சொல்வது என்று தெரிந்துவிட்டது.

"விக்காதேன்னு நான் சொல்லலடா. இது வித்து வித்துப் பழகின வீடு. பட்டாளத்தான் வித்தான், கார்டு வித்தாரு, விறகுத் தொட்டிக்காரர் மகனுங்க வித்தாங்க. யார் வித்தாலும் வாங்கினவங்க உள்ளே வந்து குடியிருந்தாங்க. நீயும் வித்துக்கோ. இடிக்காதேன்னுதான் சொல்றேன். இடிக்கிறதா இருந்தா, என்னை உள்ளே வெச்சுத்தான் இடிக்கணும்."

அவன் காபியைக் குடிக்காமல் எழுந்து போய்விட்டான். உன் பக்கத்துக் கதவு திறக்கிற சத்தம் கேட்டது, அப்புறம் ஒன்றும் கேட்கவில்லை. நான் அந்த ஆறிப்போன காபியைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். இந்தப் பிள்ளை இனிமேல் என்னோடு பேசாமலே போய்விடுவானோ என்று பயம் வந்தது, மறைக்கவில்லை. ஆனாலும் சொன்னதை மாற்றிக்கொள்ள ஒரு நிமிஷமும் தோன்றவில்லை.

வெயில் இறங்குகிற நேரத்தில் இரும்புக் கம்பியில் தட்டுகிற சத்தம். ஸ்கேல் சத்தம்தான், கரண்டி அப்படிக் கேட்காது. எழுந்து கணப்பருகே ஓடினேன்.

"ஆன்ட்டி, இருக்கீங்களா?"

"இருக்கேன்டா" என்றேன். அம்மாவோட ஸ்கேல் ஜன்னல் மாடத்திலேயே இருக்கு ஆன்ட்டி என்றான். அப்புறம், பில்டரிடம் போனில் வேண்டாம் என்று சொல்லிவிட்டதாகவும், கழற்றின புகைபோக்கித் தலையைத் திரும்பக் கட்ட நாளைக்கு ஆள் வருவதாகவும் சொன்னான். குடியிருக்க வருகிறவர்களுக்குத்தான் கொடுப்பானாம், ஆளைப் பார்த்துச் சொல்கிற பொறுப்பு என்னுடையதாம். பார்க்கிறேன், எனக்கென்ன வேலை. கணப்புக்குள் தலையை விட்டுப் பேசக் கூச்சப்படுகிறவர்கள் யாரும் அந்தப் பக்கம் வர முடியாது.

புகைபோக்கியின் தலையை மறுபடி கட்டியாகிவிட்டது. முரளி ஊருக்குப் போகும்போது உன் ஸ்கேலை என் கையில் கொடுத்துவிட்டுப் போனான். இந்த டிசம்பரில் முகப்பு முழுவதும் காவி அடித்து, நானே ஏணி ஏறி வெள்ளை இழுக்கப் போகிறேன், நிஜச் செங்கல் எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கமே. கோணலாகத்தான் வரும், நீ திட்டுவாய், திட்டிக்கொள். நடுக்கோடு மட்டும் இனிமேல் கிடையாது. இரண்டு யானையும் ஒரே வீட்டு யானையாகவே நிற்கட்டும்.

காலையில் இப்போது நானே உன் ஸ்கேலால் கம்பியைத் தட்டுகிறேன். கேட்கிறதுக்கு ஆள் இல்லையென்றாலும் பதிலைச் சொல்லிவிட்டுத்தான் காபி போடப் போகிறேன். நான் இருக்கேன்டி. வீடும் இருக்கு.